தாயக்கட்டையால் பாதுகாப்பு சொல்லித்தர முடியுமா?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வீடுகளில் பரமபதம் ஆடுவது வழக்கம். ஏணி கிடைத்தால் கைதட்டல், பெரிய பாம்பின் வாயில் மாட்டினால் சர்ரென்று அடிமட்டத்துக்குச் சறுக்கல். புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு என்பது அந்தக் கட்டங்களின் கணக்கு. இந்தப் பலகைதான் கப்பலேறி இங்கிலாந்து போய், பாவ புண்ணியத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆகத் திரும்பி வந்தது.

குழந்தைகளுக்குப் பாதுகாப்பை விளையாட்டாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடமோ தொண்டு அமைப்போ முடிவெடுத்தால், கை முதலில் போவது இந்தப் பலகைக்குத்தான். ஆச்சரியமில்லை. விதி எல்லோருக்கும் தெரியும், வரைவது சுலபம், ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். "அம்மாவிடம் சொன்னாள்" என்று ஒரு கட்டத்தில் எழுதி ஏணி போடலாம். "தெரியாதவர் கொடுத்த சாக்லேட்டை வாங்கினாள்" என்று எழுதிப் பாம்பு போடலாம். பிள்ளைகள் குதிப்பார்கள், போட்டோவும் நன்றாக வரும்.

ஆனால் இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது.

சின்னது என்னவென்றால், இந்த ஆட்டத்தில் குழந்தை எந்த முடிவும் எடுப்பதில்லை. கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது, அவ்வளவுதான். ஏணியில் ஏறியவள் புத்திசாலித்தனமாக எதையும் செய்துவிடவில்லை, அவளுக்கு நாலு விழுந்தது. ஆட்டம் முடியும்போது குழந்தையின் மனதில் தங்கும் பாடம், பாதுகாப்பு என்பது அதிர்ஷ்டம் என்பது மட்டுமே. பரமபதத்துக்கு அது பொருந்தலாம். விதியைப் பற்றிய ஆட்டத்தை விதியே நடத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை தன் உடம்பைக் காத்துக் கொள்வதற்கு இது பொருந்தாது.

பெரிய கோளாறு வேறு. அந்தப் பாம்பு யாரைக் கடிக்கிறது? தப்பு செய்த பெரியவரை அல்ல, குழந்தையைத்தான். சாக்லேட் கொடுத்தவருக்கு அந்தப் பலகையில் ஒரு காய்கூடக் கிடையாது, அவர் தோற்பதே இல்லை. கீழே சறுக்குவது குழந்தை, சுற்றி இருப்பவர்கள் சிரிப்பதும் குழந்தையைப் பார்த்து. இப்போது அந்த வகுப்பில், அப்படி ஒன்று ஏற்கனவே நடந்து, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். "தப்பான கட்டத்துக்குப் போனது நீதான், அதனால்தான் சறுக்கினாய்" என்பதைத்தான் அந்தச் சார்ட் பேப்பர் அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறது. இனி அது வாயைத் திறக்குமா?

அப்படியொரு பிள்ளை வகுப்பில் எங்கே இருக்கப் போகிறது என்று கேட்பவர்கள், மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். (அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. அதை வைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.) ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்குச் சற்று மேல், 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவே இல்லை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எத்தனை பேர் என்பதை அவரவர் கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இந்த எண்களைப் பார்த்ததும் சிலர் நேர் எதிர்த் திசைக்கு ஓடுவதும் உண்டு. இவ்வளவு சீரியஸான விஷயத்தில் விளையாட்டு எதற்கு, ஒழுங்காக உட்கார வைத்து வகுப்பு எடுங்கள் என்பார்கள். அந்த வாதம் நிற்காது. ஏன் நிற்காது என்பதற்கு அமெரிக்காவில் செய்த சில பழைய ஆராய்ச்சிகளே சாட்சி.

1981-ல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பி, தன்னோடு வரும்படி அழைக்கச் சொன்னார்கள். (எல்லாம் பெற்றோர் அனுமதியோடுதான்.) அழைப்பு மூன்று விதம். சும்மா "வா, நடந்துட்டு வரலாம்" என்பது ஒன்று. "உங்க டீச்சர் போகலாம்னு சொல்லிட்டாங்க" என்பது இன்னொன்று. "கார்ல உனக்கு ஒரு பரிசு வச்சிருக்கேன்" என்பது மூன்றாவது. பயிற்சி கொடுப்பதற்கு முன் அந்தக் குழந்தைகள் கிளம்பிவிட்டார்கள். பிறகு அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு பெரியவர்கள் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார்கள். பிறகு குழந்தையை நடிக்க வைத்தார்கள். முடியாது, டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து ஓட வேண்டும். சரியாகச் செய்தால் பாராட்டு, இல்லையென்றால் மறுபடி. பிறகு சோதித்தபோது அதே குழந்தைகள் மறுத்துவிட்டு ஓடிப்போனார்கள்.

இதைவிட முக்கியமானது 2004-ல் துப்பாக்கி விஷயத்தில் நடந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருப்பதால், குழந்தை அதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஒரு கழுகுப் பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். நில், தொடாதே, அந்த இடத்தைவிட்டுப் போ, பெரியவரிடம் சொல் என்பது அதன் மந்திரம். இந்தப் பாடம் படித்த குழந்தைகளிடம் கேள்வி கேட்டால் மந்திரத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்தார்கள். அதே குழந்தைகள் தனியாக இருக்கும்போது ஒரு துப்பாக்கியை (குண்டில்லாததுதான்) கண்ணில் படும்படி வைத்துப் பார்த்தால், ஒப்பித்தபடி நடந்து கொள்ளவில்லை. அதே செயலை நடித்துப் பழகிய குழந்தைகள் அவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு அதுவும் முதலில் போதவில்லை. சம்பவம் நடக்கும் இடத்திலேயே நிற்க வைத்து மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

தெரிந்து வைத்திருப்பது வேறு, செய்வது வேறு. பத்தாம் வகுப்பில் நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவனைக் கிணற்றில் தள்ளிவிட்டால் தெரியும்! அந்த வகையில் விளையாட்டுக்கு நிகரான வழி கிடையாது. குழந்தை தானாக வாய் திறந்து பேசுகிறது, ஓடுகிறது, தோற்றால் மறுபடி ஆடுகிறது, யாரும் வற்புறுத்தாமலே நூறு முறை திரும்பச் செய்கிறது. வாய்ப்பாட்டை நூறு முறை சொல்லவைக்க ஒரு பிரம்பு தேவைப்பட்ட ஊர் இது. கண்ணாமூச்சிக்கு யாரும் பிரம்பு எடுத்ததில்லை.

ஆகவே விளையாட்டு வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. எந்த விளையாட்டு என்பதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல், நம் பாதுகாப்பு விளையாட்டுகளில் வரும் வில்லன். அவன் எப்போதும் அந்நியன். முரட்டு மீசை, சிவந்த கண், கையில் சாக்லேட். அந்தக் காலத்துப் பூச்சாண்டிக்கும் பிள்ளை பிடிக்கிறவனுக்கும் பேன்ட் சட்டை மாட்டிவிட்டதுபோல. ஆனால் தமிழ்க் குழந்தைக்கு அந்நியர் என்றால் யார்? ஆட்டோ ஓட்டுபவர் அண்ணா. மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சி. மேல் வீட்டில் இருப்பவர் அங்கிள். அப்பாவுடன் வேலை பார்ப்பவர் மாமா. ஊரில் உள்ள அத்தனை பேரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடப் பழக்கிவிட்டு, "தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்றால் குழந்தை யாரை விலக்கும்? உறவு சொல்லி அழைப்பது அழகான பழக்கம்தான், அதை விட வேண்டாம். பாடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். யார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். சித்தப்பாவாக இருந்தாலும், டியூஷன் சாராக இருந்தாலும், கூடப் படிக்கும் பெரிய வகுப்பு அண்ணனாக இருந்தாலும், இந்த இந்தச் செயல்கள் விதிமீறல். அப்படித்தான் விளையாட்டின் விதி இருக்க வேண்டும். கால்பந்தில் ஃபவுல் செய்தவர் யார் என்று பார்த்தா நடுவர் விசில் ஊதுகிறார்?

அந்நியர் பயத்தை மட்டும் ஊட்டி வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடூரமான ஓர் உதாரணம் இங்கேயே உண்டு. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக் கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். சாக்லேட் கொடுப்பவர் என்றாலே பிள்ளை பிடிப்பவர் என்ற படம் பெரியவர்களின் தலையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. அதே படத்தை அட்டையில் வரைந்து குழந்தைகள் கையில் கொடுப்பதைத்தான் 'விழிப்புணர்வு' என்கிறோம்.

இரண்டாவது சிக்கல் மொழி. 'குட் டச், பேட் டச்' என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஆமிர் கான் 2012-ல் 'சத்யமேவ ஜயதே' நிகழ்ச்சியில் குழந்தைகளை உட்கார வைத்து எளிமையாகச் சொல்லிக் கொடுத்த பிறகு, இந்த விஷயத்தை வீட்டு ஹாலில் பேசலாம் என்ற நிலை கொஞ்சம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் நல்லது, கெட்டது என்ற பிரிவில் ஒரு குழப்பம் இருக்கிறது. டாக்டர் போடும் ஊசி வலிக்கும், அது கெட்ட தொடுதலா? வலிக்காத, பயமுறுத்தாத, கிச்சுகிச்சு மூட்டுவது போலத் தொடங்கும் தொடுதல் நல்ல தொடுதலா? கெட்டது என்றால் வலிக்க வேண்டும் என்று நினைக்கும் குழந்தை, வலிக்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடும். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பலர் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று மாற்றிச் சொல்வது இதனால்தான். சென்னையில் 2004-லிருந்து இதற்காகவே இயங்கிவரும் 'துளிர்' போன்ற அமைப்புகள் இருந்தும், இந்த வித்தியாசம் இன்னும் பல வகுப்பறைகளை எட்டவில்லை.

மொழியில் இன்னொரு ஓட்டையும் உண்டு, அது இன்னும் பெரியது. நம் வீடுகளில் இரண்டு வயதுக் குழந்தை துணியில்லாமல் ஓடினால் "ஷேம் ஷேம்" என்கிறோம். கொஞ்ச நாளில் அந்த உறுப்பின் பெயரே ஷேம் ஷேம் ஆகிவிடுகிறது. கண், காது, மூக்கு, ஷேம் ஷேம்! உடம்பில் ஒரு பகுதிக்கு 'வெட்கம்' என்றே பெயர் வைத்துவிட்டு, அங்கே யாராவது கை வைத்தால் வந்து சொல் என்றால் குழந்தை எந்தச் சொல்லில் சொல்லும்? சொன்னாலும், யூனிஃபார்மில் மை கொட்டியது போன்ற ஒரு குற்ற உணர்ச்சியோடுதானே சொல்லும். "தொட்டுக்காட்டு, பேர் சொல்லு" என்று எல்லா வீட்டிலும் குழந்தைகளோடு ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதில் தலையிலிருந்து கால்வரை ஒரு பகுதியையும் தாண்டாமல், எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பெயர் சொல்லிப் பழக்குவதே முதல் பாதுகாப்பு விளையாட்டு. அதற்குச் செலவு எதுவும் இல்லை. பெரியவர்கள் முகம் சிவக்காமல் இருந்தால் போதும் (அதுதான் கஷ்டம்).

மூன்றாவது சிக்கல் கீழ்ப்படிதல். பள்ளிகளில் 'சைமன் சேஸ்' என்றொரு விளையாட்டு உண்டு. சைமன் சொன்னால் கையைத் தூக்க வேண்டும், சைமன் சொன்னால் குதிக்க வேண்டும், சொன்னதைச் செய்யாதவர் அவுட். பார்க்கப்போனால் நம் மொத்தப் பள்ளிப் படிப்பும் ஒரு நீண்ட சைமன் சேஸ்தான். வாயில் விரல் வை, கையைக் கட்டு, எழுந்து நில், வணக்கம் சொல். பத்து வருடம் இப்படிப் பழக்கிய பிள்ளையிடம், ஒரே ஒரு நாள் சிறப்பு வகுப்பில் "யாராவது தப்பா நடந்தா 'நோ' சொல்லணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அது சொல்லிவிடுமா? 'நோ' என்பதற்கும் தொண்டையில் பழக்கம் வேண்டும்.

இதே விளையாட்டைத் திருப்பிப் போட்டால் அருமையான பயிற்சி ஆகும். சைமன் சொல்வதில் சிலவற்றைச் செய்யலாம், சிலவற்றைச் செய்யக் கூடாது. "சைமன் சொல்றார், கை தட்டு." தட்டலாம். "சைமன் சொல்றார், உன் ஃப்ரெண்டைக் கிள்ளு." "மாட்டேன்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். "சைமன் சொல்றார், இதை அம்மாகிட்ட சொல்லாதே." "சொல்லுவேன்!" இங்கே கீழ்ப்படிந்தவர்தான் அவுட். முதல் இரண்டு சுற்றில் பிள்ளைகள் தயங்குவார்கள், ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். டீச்சரைப் பார்த்து மாட்டேன் என்று கத்தலாமா என்ற சந்தேகம் தீரவே கொஞ்ச நேரம் ஆகும். அந்தத் தயக்கம் உடைவதுதான் பாடம். கூடவே, மாட்டேன் என்று சொல்ல முடியாமல் உறைந்து போனாலும் அது குழந்தையின் தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் இந்த ஆட்டத்தில் அவுட் ஆனவரை வெளியே உட்கார வைக்கக் கூடாது. அடுத்த சுற்றுக்கே திரும்ப வந்துவிட வேண்டும்.

நான்காவது, இருப்பதிலேயே சங்கடமானது. குழந்தையிடம் தப்பாக நடக்க நினைப்பவர்களும் 'விளையாட்டு' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். "வா, நாம ஒரு விளையாட்டு விளையாடலாம். இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்." திருட்டுத்தனமான சிறு சிறு ரகசியங்களில் ஆரம்பித்து (அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ஐஸ்கிரீம், கொஞ்ச நேரம் மொபைல்), குழந்தை எவ்வளவு தூரம் வாயை மூடிக் கொண்டிருக்கும் என்று சோதித்துப் பார்த்து, பிறகு மெல்ல எல்லை தாண்டுவது அவர்கள் வழக்கம். ஆகவே விளையாட்டின் மூலம் பாதுகாப்பு சொல்லித்தருபவர், விளையாட்டைப் பற்றியே ஒரு பாதுகாப்பு சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ரகசியமாக ஆடச் சொல்லும் விளையாட்டு, விளையாட்டே இல்லை.

இதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது? இரண்டு அட்டைப் பெட்டி போதும். ஒன்றில் 'சர்ப்ரைஸ்', இன்னொன்றில் 'ரகசியம்'. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படிக்க வேண்டும். "தாத்தாவுக்குப் பிறந்தநாள் கேக் வாங்கி வைத்திருக்கிறோம், நாளைக்குத்தான் சொல்லணும்." இது சர்ப்ரைஸ். கடைசியில் எல்லோருக்கும் தெரியப் போகிறது, தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். "இதை யார்கிட்டயும் எப்பவும் சொல்லாதே, சொன்னா உங்க அம்மாவுக்குக் கோபம் வரும்." இது ரகசியம். உடனே சொல்லிவிட வேண்டியது. பத்துச் சீட்டு ஆடினால் பிள்ளைகள் தாங்களே புதுச் சீட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சீட்டுகளை ஆசிரியர் கவனமாகப் படிப்பது நல்லது.

இன்னொன்று 'சொல்லும் சங்கிலி'. ஐந்து பிள்ளைகள் பெரியவர்களாக நடிக்கிறார்கள்: அம்மா, பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, 1098-ல் பேசுபவர். ஆறாவது பிள்ளை தனக்கு ஒரு பிரச்சினை என்று வந்து சொல்ல வேண்டும். வெறும் பேனா தொலைந்த பிரச்சினையாகக்கூட இருக்கலாம், அது முக்கியமில்லை. முதல் ஆள் காது கொடுக்க மாட்டார். "இப்ப வேலையா இருக்கேன் போ" என்பார். இரண்டாவது ஆள் நம்ப மாட்டார். "அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்பார். மூன்றாவது ஆள் திட்டுவார். யாராவது ஒருவர் "உட்காரு, சொல்லு" என்று கேட்கும்வரை பிள்ளை நகர்ந்து கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் கேட்கவில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை என்பதைக் கால்களுக்குச் சொல்லித்தரும் ஆட்டம் இது. பெரியவர்களாக நடிக்கும் பிள்ளைகள் எவ்வளவு தத்ரூபமாகக் காது கொடுக்காமல் இருக்கிறார்கள் என்று பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

கம்ப்யூட்டரும் மொபைலும்? இருக்கின்றன. கூகுள் 2017-ல் வெளியிட்ட 'இன்டர்லேண்ட்' இணையப் பாதுகாப்பைச் சொல்லித்தரும் இலவச விளையாட்டு. எந்தத் தகவலை யாரிடம் பகிரலாம், பாஸ்வேர்டு எப்படி அமைய வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால் முயற்சியில் 2016-ல் வந்த 'மிஸ்ஸிங்' முற்றிலும் வேறு ரகம். கடத்தி விற்கப்பட்ட ஒரு பெண்ணின் இடத்தில் ஆடுபவரை நிறுத்துகிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. விவரம் தெரிந்த வயதில் ஆடினால், எந்தத் தேர்வைச் செய்தாலும் கதவு மூடிக் கொண்டே போகும் அனுபவம் மனதை விட்டு லேசில் போகாது. பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் வாயை அடைக்க அது ஒரு நல்ல மருந்து.

இருந்தாலும் திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. சரியான பொத்தானை அமுக்குவதும், நெஞ்சு படபடக்கும்போது "மாட்டேன்" என்று குரல் எழுப்புவதும் ஒன்றல்ல. சாலையைக் கடக்கக் குழந்தைகளுக்குப் பழக்கும் ஆராய்ச்சிகளிலும் இதே கதைதான். வீடியோவைப் பார்த்துக் கற்றவர்களைவிட, உண்மையான தெருவோரத்திலோ, தெருவைப் போலவே உணரவைக்கும் மெய்நிகர் கருவியிலோ திரும்பத் திரும்பக் கடந்து பழகியவர்கள் அதிகம் தேறினார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாதுகாப்பு விளையாட்டை டவுன்லோடு செய்து கொடுத்த அதே மொபைலில், முன்பின் தெரியாதவர்களோடு சாட் செய்யும் வசதியுள்ள நாலு ஆன்லைன் விளையாட்டுகளும் இருக்கும். அவை மட்டும் ஏன் இருக்கின்றன என்று கேட்டால், "அவன் சும்மா கேம்தானே ஆடறான்" என்ற பதில் வரும்.

ஒரு நல்ல விளையாட்டு உண்மையிலேயே வேலை செய்தால் என்ன நடக்கும்? ஆட்டம் முடிந்து எல்லோரும் ஓடிய பிறகு, ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கி நின்று, "மிஸ், எனக்கும் அது மாதிரி..." என்று தொடங்கும். எல்லா ஏற்பாடும் இந்த நிமிடத்துக்காகத்தான். பல இடங்களில் ஏற்பாடு இல்லாததும் இந்த நிமிடத்துக்குத்தான். ஆட்ட அட்டை அச்சடிக்கப் பணம் ஒதுக்குகிறார்கள், அந்த மிஸ்ஸுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அவர் அதிர்ச்சியில் "அய்யய்யோ" என்று கத்தினால் பிள்ளை அங்கேயே மூடிக் கொள்ளும். உண்மைதானா என்று நாலு பேர் முன்னிலையில் திரும்பத் திரும்ப விசாரித்தாலும் அப்படித்தான். "வெளியே சொல்லாதே, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர்" என்று ஒரு மேலிடம் சொன்னால், அட்டைப் பெட்டியில் 'ரகசியம்' என்று எழுதி ஆடிய ஆட்டத்தில் பள்ளிக்கூடமே தோற்றுப் போகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் (குழந்தைகள் தினம்தான்) நடைமுறையில் உள்ள போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள எவர் மீதும் இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிய வந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. குழந்தையே கூப்பிடக்கூடிய இலவச எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த இரண்டு எண்களும் குழந்தைகளுக்கு மனப்பாடமாக இருக்கும் பள்ளிகள் உண்டு. அதே பள்ளியின் ஆசிரியர்கள் அறையில் சட்டத்தின் இந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது தனிக் கேள்வி.

விளையாட்டை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. பள்ளிகளில் நடக்கும் இத்தகைய பாடங்களைப் பற்றி 2015-ல் காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டது. 24 ஆய்வுகள், 5,802 பிள்ளைகள். அவர்களின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடுகின்றன என்பதற்குச் சான்று இருந்தது. இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் பயந்து போவார்கள் என்ற பெற்றோரின் வழக்கமான கவலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பாடங்களால் உண்மையிலேயே குற்றங்கள் குறைந்தனவா என்பதற்கு அந்த ஆய்வுகளில் விடை இல்லை. அது எதிர்பார்க்கக் கூடியதே. முப்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை, எழுபது கிலோ எடையுள்ள, வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒருவரை மூன்று சொற்களால் தடுத்து நிறுத்திவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பிள்ளையின் வேலை சொல்வது. தடுப்பது பெரியவர்களின் வேலை.

அதனால் இந்த விளையாட்டுகளில் ஒன்றையாவது பெற்றோர் கூட்டத்தில் ஆட வைக்கலாம். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இருபது நிமிடம் போதும். ஒரு பெற்றோர் குழந்தையாக நடிக்கட்டும். இன்னொருவர் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா. மூன்றாமவர் அம்மா. "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று அம்மா சொல்ல வேண்டும். குழந்தை "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். மாமா முகம் வாடிப் போகும். அடுத்த வசனம் அம்மாவுடையது. "என்ன இது, பெரியவங்களுக்கு மரியாதை இல்லாம" என்று வருமா, "சரி, வேணாம்னா வணக்கம் மட்டும் சொல்லு" என்று வருமா? அந்த இடத்தில் பலரும் கொஞ்சம் தடுமாறுவார்கள். இரண்டு மூன்று முறை ஆடிப் பார்த்தால் சரியாகிவிடும்.